விருந்துக்கு வாங்கிய நண்டு

பிப்ரவரி 5, புதன்

பேப்பர் வண்டி இன்றும் தாமதம். டயர் பஞ்சராம். வண்டிக்காரர் சம்பந்தத்துக்கு மட்டும் எப்போதும் டீக்கடை வாசலாகப் பார்த்துத்தான் டயர் பஞ்சராகிறது. கட்டுகளைப் பிரித்து, இணைப்புகளைச் சொருகி, பழவேற்காடு பஜார் முழுக்கப் போட்டு முடிப்பதற்குள் வெயில் ஏறிவிட்டது. பிறகு கடையைத் திறந்து உட்கார்ந்தால், காசு கொடுத்து வாங்குகிறவர்களைவிட ஓசியில் புரட்டுகிறவர்கள்தான் அதிகம்.

எல்லாப் பேப்பரிலும் எங்கள் ஊர். ஐரோப்பாவிலிருந்து ஐந்து எம்.பி.க்கள் அடுத்த வாரம் எங்கள் லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வருகிறார்கள். ஒரு கம்பெனி இந்தக் கரையில் நிலக்கரி இறங்குதளம் கட்டப்போகிறது. அதற்குக் கடன் கொடுக்க ஐரோப்பிய வங்கி ஒன்று யோசிக்கிறதாம். கொடுப்பதற்கு முன்னால் ஏரியையும் எங்களையும் நேரில் பார்க்க வருகிறார்கள். சரி, நல்ல விஷயம். சிவப்புப் பேப்பர் என்ன போட்டிருக்கிறது? (தலைப்பெல்லாம் சிவப்பில் அடிப்பதால் நாங்கள் வைத்த பெயர்.) 'வெளிநாட்டு எம்.பி.க்கள் வருகை எதிரொலி: சாலைப் பள்ளங்கள் மூடல்.'

முகத்துவாரம் மூடிக்கொண்டிருக்கிறது, ஐயா! கடலும் ஏரியும் சேருகிற வாய் அது. மணல் மேடிட்டு இப்போதே முழங்கால் ஆழம்தான். அது மூடினால் இறால் குஞ்சு உள்ளே வராது, நண்டு வராது. அந்த இறங்குதளமும் வந்துவிட்டால் பிறகு திறக்கவே திறக்காது. அதற்கு ஒரு வரி கிடையாது. ரோட்டுப் பள்ளம் மூடினதுதான் செய்தி.

பிப்ரவரி 8, சனி

ஊர்க்கூட்டம். பெண்களுக்கு உள்ளே இடமில்லை. வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று காதைத் தீட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். எனக்குக் கடை வேலை இருந்தது. என் வீட்டுக்காரர் ராபர்ட் வந்து சொல்லித்தான் தெரியும்.

எம்.பி.க்களுக்கு மதியச் சாப்பாடு ஊர் செலவு. என்ன சாப்பாடு? நண்டு!

"ஏரியில நண்டு இல்லன்னு சொல்றதுக்குத்தானே அவுங்களைக் கூப்புடறீங்க?" என்றேன்.

"அது வேற, இது வேற. வந்தவங்களுக்கு நண்டு வெக்காம அனுப்பிச்சா ஊருக்கே கொறச்சல்னு தலைவர் சொல்றாரு."

தலைவர் தேசப்பன் சொல்லிவிட்டால் எங்கள் ஊரில் காற்றும் திசை மாறும். சரி, நண்டுக்கு எங்கே போவீர்கள் என்று கேட்டேன். ராபர்ட் வலையை உதறப் போய்விட்டார். இந்த வாரம் முழுக்க அவர் ஏரியில் வலை போட்டு, கட்டைவிரல் அளவு குஞ்சுகளைத்தான் எடுத்துத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிட்டு வந்தார். கையால் தடவி இறால் பிடிக்கிற அம்மணி, தினமும் காலையில் என் கடை முன்னால் நின்று டீ குடிப்பவள், நேற்று இறால் போடுகிற பறியைக் கவிழ்த்துக் காட்டினாள். சேறுதான் விழுந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

வாங்கி வந்துவிட்டார்கள். நெல்லூர் பக்கம் ஏதோ பண்ணையில், தீனி போட்டு வளர்த்த நண்டு. தலைவரும் ராபர்ட்டும் மினி வேனில் போய், பெட்டிகளின் மேல் பழைய வலையைப் போட்டு மூடி, பின்பக்கமாக ஊருக்குள் இறக்கினார்கள். மீன் பிடிக்கிற ஊருக்குள் நண்டு திருட்டுத்தனமாக வருகிறது. இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல?

எங்கேயும் சொல்லக் கூடாது. குழாயடிச் சண்டையில் எங்கள் ஊர்ப் பெண்கள் கடைசி ஆயுதமாக எடுப்பது ஒன்றே ஒன்றுதான்: "மார்க்கெட்ல மீன் வாங்கித் தின்ன குடும்பம்தானே உன்து!" அதைக் கேட்டபின் அந்தக் குடும்பத்தோடு தலைமுறைக்கும் பேச்சு இருக்காது. இப்போது ஊரே சேர்ந்து வாங்கியிருக்கிறது.

பிப்ரவரி 11, செவ்வாய்

வந்தார்கள், போனார்கள்.

நல்ல மனிதர்கள், பொய் சொல்ல மாட்டேன். நரைமுடி அம்மா ஒருவர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முகத்துவாரத்தில் இறங்கி நடந்தே பார்த்தார். தண்ணீர் அவருக்கு முழங்காலுக்குக் கீழேதான் இருந்தது. தலைவர் எல்லாவற்றையும் நன்றாகத்தான் சொன்னார்: ஏரி செத்துக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் தொழிலை விட்டு வேறு வேலைக்கு ஓடுகிறார்கள், தளம் வந்தால் நாங்கள் முடிந்தோம். மொழிபெயர்க்க வந்த சென்னைப் பெண் அனிதா ஒன்று விடாமல் இங்கிலீஷில் சொன்னாள். அவர்கள் எழுதிக்கொண்டார்கள். என் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது.

பிறகு சாப்பாடு.

தலைவர் மனைவி சாமுண்டீஸ்வரி அக்கா பட்டுப்புடவை. மற்றவர்களும் பீரோவில் இருந்ததை எல்லாம் மேலே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்; கவரிங்தான், ஆனால் போட்டோவுக்குக் கவரிங் தெரியுமா? உள்ளங்கையை மீறின நண்டு, தட்டு கொள்ளாமல். சிவப்புப் பேப்பரின் பொன்னேரி நிருபர் உதயகுமார் இரண்டாவது தடவை கேட்டு வாங்கித் தின்றான். நான்தான் பரிமாறினேன்.

அப்போது நரைமுடி அம்மா ஒரு கேள்வி கேட்டார். அனிதா தமிழில் சொன்னாள்: "ஏரில ஒண்ணும் இல்லனு சொல்றீங்களே, இவ்ளோ பெரிய நண்டு எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேக்கறாங்க."

கரண்டி என் கையில் அப்படியே நின்றது. சொல்லுங்கள் தலைவரே, சொல்லிவிடுங்கள் என்று மனதுக்குள் கத்தினேன். இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வாங்கினோம், எங்களுக்கே இல்லை, உங்களுக்காக வாங்கினோம் என்று ஒரு வார்த்தை.

தலைவர் மீசையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "எங்க ஏரி நண்டும்மா. இந்த ருசி ஒலகத்துல எங்கியும் கெடைக்காது."

எல்லோரும் கை தட்டினார்கள். நிருபர்கள் எழுதிக்கொண்டார்கள்.

பிப்ரவரி 12, புதன்

கட்டைப் பிரித்ததும் முதலில் சிவப்பைத்தான் எடுத்தேன்.

சிவப்பு: 'ஏரி செத்தது என்றார்கள்... நண்டு விருந்து வைத்தார்கள்!' முதல் பக்கம், கலரில். நரைமுடி அம்மா நண்டுக் கொடுக்கைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார். பக்கத்தில் பட்டுப்புடவையில் சாமுண்டீஸ்வரி அக்கா. கீழே தலைவர் சொன்ன அந்த ருசி வசனம். கட்டம் கட்டி.

இன்னொன்று: 'கைகூப்பி வணக்கம் சொன்ன வெளிநாட்டு எம்.பி.! நெகிழ்ந்த மீனவர்கள்.' நாங்கள் எப்போது நெகிழ்ந்தோம்?

இங்கிலீஷ் பேப்பர்: ஏழாம் பக்கத்தில் ஒரே பத்தி. குழு வந்தது, உள்ளூர் உணவை ரசித்தது.

மதியம் மாலைப் பேப்பர் வந்தது. அது எல்லாவற்றுக்கும் மேல். 'மீனவர்களைத் தூண்டிவிட அந்நியச் சதியா?' கேள்விக்குறி போட்டுவிட்டால் யாரும் கேஸ் போட முடியாதல்லவா, அந்தத் தைரியம்.

அந்த அம்மா முழங்கால் தண்ணீரில் நடந்தாரே, அந்தப் போட்டோ எங்கே? அத்தனை கேமரா இருந்ததே? எல்லாப் பேப்பரையும் இரண்டு தடவை புரட்டினேன். எங்கேயும் இல்லை. இதை என் கையாலேயே வீடு வீடாகப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன். தூ.

பிப்ரவரி 13, வியாழன்

உதயகுமாரைப் பஸ் ஸ்டாண்டில் பிடித்தேன்.

"நான் அனுப்பினது வேற அக்கா, அங்க போட்டது வேற," என்று போனை நீட்டினான். உண்மைதான். முகத்துவாரம், மணல், மீன் பிடிபாடு குறைந்தது, எல்லாம் எழுதியிருக்கிறான். கடைசி வரியில் மட்டும் விருந்து. அந்தக் கடைசி வரியைத் தூக்கி மேலே வைத்து, மிச்சத்தைக் குப்பையில் போட்டிருக்கிறார்கள்.

"அப்போ இன்னாத்துக்குடா உன் பேரைப் போட்ருக்கான் மேல?"

"பேர் வந்தாத்தான் அக்கா துட்டு வரும்."

"மறுப்புன்னு ஒண்ணு போடச் சொல்லு."

"எதை அக்கா மறுக்கறது? நண்டு வெச்சீங்க. தலைவர் அப்பிடிச் சொன்னாரு. நான் இல்லாததை எழுதிட்டேனா?"

அவன் இல்லாததை எழுதவில்லை. இல்லாததைச் சொன்னது நாங்கள். அந்தக் கோபத்தையும் சேர்த்து அவன் மேலேயே கொட்டிவிட்டு வந்தேன். பஸ் ஸ்டாண்டே வேடிக்கை பார்த்தது.

பிப்ரவரி 15, சனி

ஊரில் அந்தச் சிவப்புப் பேப்பரை வெட்டி பிரேம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். தலைவர் வீட்டில்! கடவுளே.

பிப்ரவரி 20, வியாழன்

பொன்னேரியில் மார்ச் 4-ஆம் தேதி மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம். எங்கள் சம்மதத்தையோ எதிர்ப்பையோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். அதை வைத்துத்தான் அரசாங்கம் முடிவெடுக்குமாம், வங்கியும் முடிவெடுக்குமாம்.

இன்று பேப்பருக்குள் சொருகச் சொல்லி ஒரு துண்டு நோட்டீஸ் கட்டு வந்தது. கம்பெனி நோட்டீஸ். 'வளமான ஏரி, வளமான வாழ்வு.' நடுவில் அதே போட்டோ. நண்டுக் கொடுக்கு, சிரிப்பு, பட்டுப்புடவை. ஏரியில் மீன் வளம் செழிப்பாக இருப்பதாகப் பத்திரிகைகளே எழுதியுள்ளனவாம். தளத்தால் அதற்குக் கேடு வராதாம்.

சொருகவில்லை. கட்டோடு திருப்பிச் சம்பந்தத்தின் வண்டியில் எறிந்தேன். "நான் இன்னாம்மா பண்ணேன்?" என்று அவர் பாவமாகக் கேட்டார். நியாயம்தான், அவர் ஒன்றும் பண்ணவில்லை. ஆனால் இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்கிறார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

ஜெபம் முடிந்து நேராகத் தலைவர் வீட்டுக்குப் போனேன். பிரேம் போட்ட போட்டோவுக்குக் கீழே நின்றுதான் பேசினேன்.

"தலைவரே, கூட்டத்துல அந்த நண்டு வாங்கினதுன்னு நீங்களே சொல்லிடுங்க. இல்லன்னா இந்தப் போட்டோவைக் காட்டியே நம்மளை முடிச்சிருவானுங்க."

"இன்னா பேசற நீ? அம்பது குப்பத்து ஜனம் வரும் அங்க. லைட்ஹவுஸ் குப்பத்துக்காரன் நண்டு வாங்கிச் சோறு போட்டான்னு சொல்லச் சொல்றியா? எம் புள்ளைக்குப் பொண்ணு எவன் குடுப்பான்?"

"ஏரி போச்சுன்னா பொண்ணு குடுப்பானா?"

சாமுண்டீஸ்வரி அக்கா என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டார். சாயங்காலமே ஊர்க்கூட்டம் போட்டுக் கட்டுப்பாடு விதித்துவிட்டார்கள். நண்டு விஷயத்தை வெளியில் சொல்கிற குடும்பத்துக்கு இந்த வருஷம் ஏரியில் பாடு கிடையாது. பாடு என்றால் எங்கள் முறை. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடலாம் என்று ஊர் குலுக்கிப் போட்டுக் கொடுப்பது. அது இல்லாதவனுக்கு ஏரி இருந்தும் இல்லை.

நான் வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்டேன். என் பெயரை யாரும் சொல்லவில்லை. எல்லோரும் ராபர்ட்டைத்தான் பார்த்தார்கள்.

பிப்ரவரி 26, புதன்

வீட்டில் சண்டை.

"உனுக்குப் பேப்பர் கடை இருக்குது. எனுக்கு ஏரிய விட்டா இன்னா இருக்குது?" என்கிறார்.

அந்த ஏரிக்காகத்தானே கத்துகிறேன்? அது ஏன் இவர் மண்டையில் ஏற மாட்டேன் என்கிறது? போன வருஷம் முழுக்கப் பாடு இருந்ததே, என்ன கொண்டு வந்தார்? வெறும் முறையை அடுப்பில் வைத்துக் கொதிக்க விடுவதா? கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார்.

போகட்டும். எனக்கும் பசிக்கவில்லை.

மார்ச் 3, திங்கள்

நாளைக்குப் போகலாமா வேண்டாமா? போனால் வாயை மூடிக்கொண்டு இருப்பேனா? என்னை எனக்குத் தெரியாதா?

மார்ச் 4, செவ்வாய்

இப்போதுதான் வீடு வந்தேன். ஒழுங்காக எழுத வருகிறதா பார்க்கிறேன்.

பொன்னேரி கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரிகள். கீழே எல்லாக் குப்பத்து ஜனங்களும். எங்கள் ஊரிலிருந்து இரண்டு வேன். ராபர்ட் என்னோடு ஒரு வார்த்தை பேசாமல், ஆனால் என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

ஒவ்வொரு ஊராக எழுந்து மூடிப்போன முகத்துவாரத்தைச் சொன்னார்கள். கம்பெனி வக்கீல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முறை வந்ததும் பெரிய திரையில் ஒரே ஒரு படம் போட்டார். சொல்லவும் வேண்டுமா?

"இது நான் சொல்றது இல்ல. நாளிதழ் சொல்லுது. ஊர்த் தலைவரே சொல்றாரு, எங்க ஏரி நண்டுன்னு. தலைவர் இங்கதான் இருக்காரு. அவர் இதை மறுக்கிறாரா?"

அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்து தன் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மைக்கில் இரண்டாவது தடவை கேட்டார். தலைவர் தலையைத் தூக்கவில்லை.

எப்போது எழுந்தேன் என்று தெரியாது. மைக் கையில் இருந்தது.

"எம் பேர் ஜெபசெல்வி, லைட்ஹவுஸ் குப்பம். அந்த நண்டு எங்க ஏரி நண்டு இல்ல. காசு குடுத்து வாங்கியாந்தோம். நெல்லூர்ல, பண்ணையில. விருந்தாளிக்கு வெக்க ஏரியில ஒண்ணுகூட இல்ல. வெக்காம அனுப்ப மானம் எடம் குடுக்கல. அதான் வாங்கினோம். பொய் சொன்னோம். எழுதிக்கோங்க!"

முதலில் வந்தது சிரிப்பு. பின்வரிசையில் யாரோ, "நண்டு வாங்கினானுங்களாம்டா லைட்ஹவுஸ்காரனுங்க!" என்று கத்த, மண்டபமே சிரித்தது. எங்கள் ஊர்ச் சனம் தலை குனிந்தது. வக்கீலும் சிரித்தார். எனக்குச் செத்துவிடலாம் போல் இருந்தது. ராபர்ட் என் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கவில்லை. எழுந்து பக்கத்தில் நின்றார்.

அப்போது வின்சென்ட் எழுந்தார். வடக்கே இருக்கும் குப்பத்துத் தலைவர். எங்கள் ஊருக்கும் அவர்களுக்கும் ஏரி எல்லையில் எப்போதும் வாய்த்தகராறு. இவர் இன்னும் என்ன சொல்லிக் கேவலப்படுத்தப் போகிறாரோ என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சிரிக்கறவன் கொஞ்சம் நிறுத்துங்கடா," என்றார். "எங்க கோயில் திருநாளுக்கும் நண்டு வாங்கினதுதான். இறாலும் வாங்கினதுதான். எம் பொண்டாட்டிக்கும் எனுக்கும் மட்டும்தான் தெரியும். எழுதிக்கோங்க சார்."

சிரிப்பு நின்றது. ஒரு கிழவர் எழுந்தார்: பேத்தி கல்யாணத்துக்குச் சென்னை போய் வாங்கினாராம். இன்னொரு பெண்: சடங்குக்கு. இன்னொருவர்: அம்மன் திருவிழாவுக்கு. "நானே நேத்து கடையில கருவாடு வாங்கினேன்யா!" என்று எங்கிருந்தோ அம்மணியின் குரல். எல்லா ஊரும் வாங்கியிருக்கிறது. எல்லா ஊரும் வலையைப் போட்டு மூடி, பின்பக்கமாகத்தான் இறக்கியிருக்கிறது. பக்கத்து ஊருக்குத் தெரியக் கூடாதென்று.

அதிகாரிகளுக்கு எழுதக் கை ஓயவில்லை. வக்கீல் படத்தை அணைத்துவிட்டார். கடைசியில், ஏரியின் பிடிபாட்டை மறுபடி கணக்கெடுத்துவிட்டுத்தான் மேற்கொண்டு எதுவும் என்று அறிவித்தார்கள். தளம் வராது என்று யாரும் சொல்லவில்லை. இப்போதைக்கு நிற்கிறது.

திரும்பும்போது எங்கள் வேனில் யாரும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 5, புதன்

மாலைப் பேப்பர்: 'விருந்து நாடகம் அம்பலம்! நண்டு வாங்கியதாக மீனவர்கள் ஒப்புதல்.' ஏதோ நாங்கள் நண்டைக் கடத்திக்கொண்டு வந்த மாதிரி.

சிவப்பு: 'கூட்டத்தில் பெண் ஆவேசம்; பரபரப்பு.' வாயை ஆவென்று திறந்த என் போட்டோ. நான் என்ன சொன்னேன் என்று அதில் ஒரு எழுத்து இல்லை. ஏன் ஆவேசப்பட்டேனாம்? வெயிலுக்கா?

இங்கிலீஷ் பேப்பரில் ஆறு வரி. ஆறும் சரியாக இருந்தன. அதைப் படிக்க எங்கள் ஊரில் ஆள் இல்லை.

நாளையிலிருந்து சிவப்புக் கட்டு வேண்டாம் என்று சம்பந்தத்திடம் சொல்லிவிட்டேன். அதுதான் அதிகம் போகிற பேப்பர். போகட்டும். எங்களைத் தின்கிற பேப்பரை நானே சுமந்து போய்ப் போடமாட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

ஊர்க்கூட்டம் சொன்னதைச் செய்துவிட்டது. ராபர்ட்டுக்கு இந்த வருஷம் பாடு கிடையாது. மண்டபத்தில் அத்தனை ஊரும் எழுந்து சொன்ன பிறகும்! கட்டுப்பாடு கட்டுப்பாடுதானாம். என்னிடம் கேட்டார்களா? நான் பெண், எனக்குக் கூட்டத்தில் இடமில்லை. தண்டனையில் மட்டும் இடம் உண்டு.

ராபர்ட் திட்டுவார் என்று காத்திருந்தேன். வலையை எடுத்து மடித்து மூலையில் வைத்துவிட்டு, "நல்லாத்தான் பேசின," என்றார். அதைக் கேட்டுத்தான் அழுகை வந்தது.

மார்ச் 16, ஞாயிறு

இன்று பாடு குலுக்கல். பெயர் இல்லை என்று தெரிந்தும் ராபர்ட் போனார். வந்தவர் முகம் ஒரு மாதிரி இருந்தது.

"தலைவர் பேரும் இல்ல," என்றார்.

சீட்டு எழுதும்போதே தலைவர் தடுத்துவிட்டாராம். 'சொன்னவ வூட்டுக்குத் தண்டனைன்னா வாங்கினவன் வூட்டுக்கு இன்னா? வாங்கினதும் நான், பொய் சொன்னதும் நான். எம் பேரை எடு' என்று சொல்லிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டாராம். சீட்டு எழுதுகிறவர் அவர் பெயரை அடித்துவிட்டாராம்.

நல்லது. இதை மண்டபத்தில் மைக் நீட்டியபோது செய்திருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

பேப்பர் எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலில் தலைவர். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே பார்த்துப் பேசினார்.

"ராபர்ட்டு, எம் ஃபைபர் போட்டை எடுத்துக்கினு கடலுக்குப் போலாம், வரியா? கடலுக்குக் குலுக்கல் இல்ல."

ராபர்ட் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார். தலைவர் நின்றுகொண்டே இருந்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: "எம் பேர எடுத்ததுக்கு வூட்டுக்காரி கோச்சிக்கினு அடுப்பே பத்தவெக்கல."

இவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது. அதை நான் மறக்கப்போவதில்லை, மன்னிக்கவும் இல்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு அடுக்களைக்குப் போய், இரண்டு பேருக்குச் சோறு கட்டினேன்.